எந்த வாரத்தில் எந்த ஸ்கேன்

அன்பு மகளுக்கு,

கர்ப்ப கால ஸ்கேனின் பயனை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அது எடுக்கப்படும் வாரம், அதில் தெரிந்ததை வைத்து அடுத்து நடக்கும் கவனிப்பு. சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்குப் பத்து மாதத்தில் மூன்று, மிஞ்சினால் நான்கு ஸ்கேன் போதும். மாதத்துக்கு ஒன்று எடுத்தும் 12-ஆம் வாரத்து ஸ்கேனைத் தவறவிட்டால், மற்றவை எல்லாம் சேர்ந்தும் அதற்கு ஈடாவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை, 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் வேண்டும் என்கிறது. வசதி குறைந்த நாடுகளையும் மனத்தில் வைத்துச் சொன்ன குறைந்தபட்ச அளவு அது. பிரிட்டனின் பொது மருத்துவ சேவையில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இரண்டு ஸ்கேன், ஜெர்மனியில் மூன்று. தமிழ்நாட்டில் பொதுவாக நான்கு எடுக்கிறார்கள்: கர்ப்பம் உறுதியானதும் ஒன்று, 11 முதல் 13 வாரத்தில் என்.டி. ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் அனாமலி ஸ்கேன், கடைசி மூன்று மாதத்தில் குரோத் ஸ்கேன். டார்கெட் ஸ்கேன், டிஃபா ஸ்கேன் என்று சீட்டில் எழுதியிருந்தால் அதுவும் அனாமலி ஸ்கேன்தான்.

இங்கேயே ஒரு குழப்பம் தொடங்குகிறது. வீட்டில் கணக்கு மாதத்தில் ஓடுகிறது, ஆஸ்பத்திரியில் வாரத்தில். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து மருத்துவர்கள் எண்ணுவதால், ‘நாள் தள்ளி ஒரு வாரம்தான் ஆகிறது’ என்னும் பெண்ணுக்கு அப்போதே ஐந்து வாரம் ஆகியிருக்கும். ‘மூன்றாம் மாதம் நடக்கிறது’ என்றால் ஒன்பதாம் வாரமாகவும் இருக்கலாம், பன்னிரண்டாம் வாரமாகவும் இருக்கலாம். ஆகவே அடுத்த ஸ்கேனுக்கு வரச் சொல்லும்போது வாரத்தையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்வதே நல்லது. ஆடி முடியட்டும், கல்யாண வேலை முடியட்டும் என்று பத்து நாள் தள்ளிப்போடும் வழக்கம் மற்ற பரிசோதனைகளில் பெரிதாகக் கெடுக்காது. என்.டி. ஸ்கேனில் அந்தப் பத்து நாளில் வாய்ப்பே போய்விடும்.

ஸ்கேன் என்றால் கதிர்வீச்சு, பிள்ளைக்கு ஆகாது என்ற பயம் வயதானவர்களிடம் இன்னும் இருக்கிறது. அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. இரட்டைப் பிள்ளையா, தலை கீழே இருக்கிறதா என்று பார்க்க ஒரு காலத்தில் கர்ப்பிணிகளின் வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்படி எடுக்கப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளிடையே புற்றுநோய் மரணம் ஏறக்குறைய இரு மடங்கு என்பதை ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆலிஸ் ஸ்டூவர்ட் 1950-களில் கண்டறிந்தார். மருத்துவ உலகம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, இரும்புத் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் தொழிற்சாலைக் கருவியை மனித வயிற்றுக்குப் பயன்படுத்திப் பார்த்தார். டாம் பிரவுன் என்ற பொறியாளரும் ஜான் மக்விகார் என்ற மருத்துவரும் அவருடன் சேர்ந்து 1958-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றைய ஸ்கேன் வளர்ந்தது.

இதில் வேலை செய்வது ஒலி. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். வயிற்றில் வைக்கும் கருவி பல லட்சம் அதிர்வுகளில் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. அதற்காகத்தான் அந்தக் குளிர்ந்த ஜெல். எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சு இதில் துளியும் இல்லை. நார்வேயில் கருவிலேயே ஸ்கேன் எடுக்கப்பட்ட குழந்தைகளைப் பள்ளி வயதுவரை தொடர்ந்து பார்த்தபோது படிப்பிலோ வளர்ச்சியிலோ குறை தெரியவில்லை. ஆனாலும் ஒலி திசுவைச் சிறிது சூடாக்கும் என்பதால், தேவையான நேரத்துக்கு, தேவையான அளவுக்கு மட்டும் என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் விதி. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரை முதல் மூன்று மாதத்தில் காரணமின்றிப் பயன்படுத்த மாட்டார்கள். பிள்ளையின் முகத்தை ஞாபகத்துக்காகப் படம் பிடிக்கும் ஸ்கேன்களை ஜெர்மனி 2021-இல் தடை செய்தது. ஆல்பத்துக்காக எடுக்கும் ஸ்கேன் இல்லாமலேயே ஒரு குழந்தை நன்றாகப் பிறக்கும்.

முதல் ஸ்கேன் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள். கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, குழாயில் தங்கிவிட்டதா என்பதே இதன் தலையாய கேள்வி. குழாய்க் கர்ப்பம் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு நேர்கிறது. தெரியாமல் விட்டால் குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்து. இதயத் துடிப்பு ஏறக்குறைய ஆறாம் வாரத்தில் தெரியத் தொடங்கும். தெரியவில்லை என்றவுடன் கர்ப்பம் கலைந்துவிட்டதாக முடிவு கட்டக்கூடாது. நாள் கணக்கு தவறியிருக்கலாம், கரு இன்னும் சிறியதாக இருக்கலாம். உள்வழி ஸ்கேனில் கரு 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தும் துடிப்பு இல்லையென்றால்தான் உறுதி. அதற்கும் குறைவென்றால் ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். துடிப்பு இல்லை என்று முதல் நாளே மாத்திரை எழுதிக் கொடுத்தால், இந்த அளவு என்ன என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

அடுத்தது 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை எடுக்கும் என்.டி. ஸ்கேன். மொத்தத்தில் இதுவே அதிகம் சொல்லும் ஸ்கேன். அதிகம் தவறவிடப்படுவதும் இதுவே.

முதலாவது, தேதி. இந்தக் கட்டத்தில் உச்சந்தலையிலிருந்து புட்டம் வரையான நீளம் எல்லாக் கருக்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே சீராக வளர்கிறது. குட்டைத் தாய், நெட்டைத் தாய் என்ற பேதம் இன்னும் தொடங்கவில்லை. ஆகவே நீளத்தை அளந்து வயதைச் சொன்னால் ஐந்து முதல் ஏழு நாளுக்கு மேல் பிசகாது. எட்டாம் மாதத்தில் முதன்முதலாக ஸ்கேன் எடுத்து வயதைக் கணித்தால் பிசகு மூன்று வாரம் வரை போகும். மாதவிலக்கு ஒழுங்கில்லாத பெண்கள், பால் கொடுக்கும் காலத்திலேயே மறுபடி உண்டானவர்கள், தேதியைக் குறித்து வைக்காதவர்கள் ஆகியோருக்கு இந்த ஒரு அளவுதான் கடைசிவரை துணை. குறைப்பிரசவமா, நாள் கடந்துவிட்டதா, பிள்ளை வயதுக்கேற்ற எடையில் இருக்கிறதா என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் சரியான தேதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இப்படிக் குறித்த பிரசவத் தேதியைப் பிறகு வரும் ஸ்கேன்களை வைத்து மாற்றக்கூடாது. பின்னால் வந்த ரிப்போர்ட்டில் வேறு தேதி அச்சாகியிருந்தால், பிள்ளை சற்றுப் பெரியதாகவோ சிறியதாகவோ வளர்கிறது என்று மட்டுமே அதற்குப் பொருள்.

இரண்டாவது, என்.டி. எனப்படும், பிடரியில் தேங்கும் நீர். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் பணியாற்றிய, சைப்ரஸில் பிறந்த கிப்ரோஸ் நிகோலைடஸ் 1992-இல் இந்த அளவுக்கும் டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுகளுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். அளப்பது நுட்பமான வேலை. கருவைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். கழுத்து நிமிர்ந்தும் இருக்கக்கூடாது, தாடை மார்பில் படும்படி குனிந்தும் இருக்கக்கூடாது. தலையும் மேல்மார்பும் மட்டும் திரையை நிறைக்கும்படி படத்தைப் பெரிதாக்கி, பிடரித் தோலுக்கும் அடியிலுள்ள தசைக்கும் நடுவே தெரியும் கறுப்புப் பட்டையின் மிக அகலமான இடத்தில் இரண்டு குறிகளை வைக்கிறார்கள். குறி நூலிழை நகர்ந்தாலும் கணக்கு மாறும். பிள்ளை சரியாகக் கிடக்கவில்லையென்றால் தாயை இருமச் சொல்வார்கள், வெளியே நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். அரை மணி காக்க வைத்து மறுபடி கூப்பிடும் ஸ்கேன் சென்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்பும் இடத்தைத்தான் யோசிக்க வேண்டும்.

இந்த அளவோடு தாயின் வயதையும் அன்றே எடுக்கும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கணக்கிட்டால், டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் பத்துக்கு ஒன்பதைச் சந்தேகப் பட்டியலில் கொண்டுவந்துவிடலாம். அதே வேளையில் நலமான கருவைச் சுமக்கும் நூறு தாய்மாரில் ஏறக்குறைய ஐந்து பேரும் அந்தப் பட்டியலில் விழுவார்கள். ரிப்போர்ட்டில் ‘90-இல் 1’ என்று வந்தால், அதே எண் வந்த 90 பேரில் 89 பேரின் பிள்ளைக்கு அந்தக் கோளாறு இல்லை என்று பொருள். அது நோய் உண்டு என்ற தீர்ப்பன்று. அடுத்த பரிசோதனை வேண்டும் என்ற குறிப்பு. தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் பரிசோதனை இப்போது வந்துவிட்டது. முடிந்த முடிவாகத் தெரிய நஞ்சிலிருந்தோ பனிக்குட நீரிலிருந்தோ ஊசியால் மாதிரி எடுக்க வேண்டும்.

இரட்டைப் பிள்ளைகள் என்றால் இந்த ஸ்கேனைத் தவறவிடவே கூடாது. இரண்டுக்கும் தனித்தனி நஞ்சா, ஒரே நஞ்சைப் பங்கிட்டுக்கொள்கின்றனவா என்பது இப்போதுதான் தெளிவாகத் தெரியும். ஒரே நஞ்சு என்றால் ஒரு பிள்ளையின் ரத்தம் மற்றதற்குப் போய் இரண்டுமே ஆபத்துக்குள்ளாகலாம். அதனால் 16-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவைப்படும். மூன்று ஸ்கேன் போதும் என்ற கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது.

18 முதல் 20 வாரத்தில் அனாமலி ஸ்கேன். தலையிலிருந்து பாதம் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பார்க்கும் நாள் இது: மண்டையோடு, மூளையின் அறைகள், உதடு, முதுகெலும்பின் வரிசை, இதயத்தின் நான்கு அறைகள், அதிலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய்கள், வயிற்றுச் சுவர், சிறுநீரகம், கை கால். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், முன்பு குறையுள்ள குழந்தை பிறந்தவர்கள், கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இதயத்தை மட்டும் தனியே பார்க்கும் எக்கோவும் எழுதுவார்கள். அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டிக்கொண்டதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்கள் உண்டு. மருத்துவரிடம் அதை மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் நன்மையல்ல.

குறை தெரிந்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் இல்லை, குறைக்கு ஒரு பதில். வளைந்த பாதம், பிளந்த உதடு போன்றவை பிறந்தபின் சரிசெய்யக்கூடியவை. பெற்றோர் முன்கூட்டியே தயாராக இருக்கலாம். இதயத்தின் பெருங்குழாய்கள் இடம் மாறியிருந்தால், குழந்தை இதய அறுவை நடக்கும் மருத்துவமனை உள்ள ஊரில் பிரசவத்தை வைத்துக்கொள்வதே பிள்ளையைக் காப்பாற்றும். மண்டையோடே உருவாகாத கரு பிழைக்காது. அதை அறிந்த குடும்பம் முடிவெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 2021-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், கருவில் கடுமையான குறை உண்டென்றால் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தும் போதும். அதற்கும் மேல் என்றால் அரசு அமைத்த மருத்துவக் குழு ஒப்புதல் தர வேண்டும். இரண்டாவது கருத்துக் கேட்கவும் பரிசோதனை முடிவு வரவும் வாரங்கள் பிடிக்கும் என்பதால், அனாமலி ஸ்கேனை 23-ஆம் வாரத்துக்குத் தள்ளிப்போடுவது தன் கையைத் தானே கட்டிக்கொள்வது.

இதே ஸ்கேனில் தாயின் பக்கமும் பார்க்கிறார்கள். கர்ப்பப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே சுருங்கியிருந்தால் குறைப்பிரசவத்துக்கு வாய்ப்பு அதிகம். புரோஜெஸ்ட்ரோன் மருந்து வைத்து அதைக் குறைக்க முடிகிறது. நஞ்சு கீழே இருக்கிறது என்று இந்த வாரத்தில் சொன்னால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. கர்ப்பப்பை விரிய விரிய அது மேலே விலகிவிடும். 32-ஆம் வாரத்தில் மறுபடி பார்த்தால் போதும். முந்தைய பிரசவம் சிசேரியன் என்றால் மட்டும் கதை வேறு. பழைய தழும்பின் மேல் நஞ்சு வேர்விட்டு ஒட்டிக்கொண்டால் பிரசவத்தின்போது ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். ஆகவே இரண்டாம் பிள்ளை சுமக்கும் பெண்களில் பலருக்கு இந்தக் கேள்வி பொருந்தும். ரத்தம் தயாராக உள்ள பெரிய மருத்துவமனைக்கு நாள் குறித்துப் போக முடிவதற்கு ஸ்கேன்தான் காரணம்.

24 வாரத்துக்குப் பிறகு ஸ்கேனின் பயன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, வளர்ச்சிக் குறைவு உள்ள கர்ப்பங்களில் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தை டாப்ளரில் பார்த்து முடிவெடுப்பது குழந்தை மரணத்தைக் குறைக்கிறது. எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பத்தில் எல்லோருக்கும் கடைசி மாத ஸ்கேன் எடுத்ததால் பிள்ளைகள் கூடுதலாகப் பிழைத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. பயம் அதிகம் விளைவதும் இந்த மாதங்களில்தான்.

‘தண்ணி கம்மி’, ‘கொடி சுத்தியிருக்கு’, ‘பிள்ளை பெரிசு’ என்ற மூன்று சொற்கள் எத்தனையோ பிரசவங்களின் போக்கை மாற்றியிருக்கின்றன. பனிக்குட நீரை இரண்டு விதமாக அளக்கலாம். நான்கு மூலையிலும் அளந்து கூட்டும் முறை, ஒரே ஆழமான இடத்தை அளக்கும் முறையைவிட அதிகம் பேருக்கு நீர் குறைவு என்று சொல்லி, அதிகம் பேருக்கு வலி வரவழைக்கும் மருந்தை ஏற்றவைக்கிறது. பிறக்கும் பிள்ளையின் நலத்தில் வித்தியாசம் இல்லை. ஆழமான இடம் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்து, பிள்ளையின் வளர்ச்சியும் அசைவும் நன்றாக இருந்தால் அவசரம் எதுவும் இல்லை. கழுத்தில் கொடி சுற்றிப் பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய நாலில் ஒன்று. அநேகமாக எல்லாமே நலமாகப் பிறக்கின்றன. எடைக் கணிப்பு பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் ஆகும். 3.5 கிலோ என்று அச்சிட்ட பிள்ளை 3 கிலோவாகப் பிறப்பது சாதாரணம். இந்தச் சொற்களில் ஒன்றை மட்டும் வைத்து அன்றே சிசேரியன் என்றால், வேறு காரணம் என்ன என்று வீட்டுப் பெரியவர்கள் முன்வந்து கேட்க வேண்டும்.

அனாமலி ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் சில குறிப்புகளும் இந்த வகையே. இதயத்தில் வெள்ளைப் புள்ளி ஆசியத் தாய்மாரின் கருக்களில் அதிகம் காணப்படுகிறது. மூளையில் தெரியும் சிறு நீர்க்கட்டி பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குள் கரைந்துவிடும். என்.டி. கணக்கும் மற்ற உறுப்புகளும் சரியாக இருந்தால் இவை தனியே குறையாகா.

எல்லாப் பெண்களுக்கும் ஸ்கேன் எடுப்பது உண்மையில் என்ன தருகிறது என்ற கேள்விக்கு ஆய்வுகளின் பதில் அடக்கமானது. 1990-இல் வெளியான ஹெல்சிங்கி ஆய்வில் ஸ்கேன் எடுத்த குழுவில் பிறப்பை ஒட்டிய மரணம் பாதியாகக் குறைந்தது. பிழைக்க முடியாத குறைகள் முன்பே தெரிந்து கர்ப்பம் கலைக்கப்பட்டதே அதற்குப் பெரும் காரணம். 1993-இல் அமெரிக்காவில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ரேடியஸ் ஆய்வில் குழந்தை நலத்தில் வித்தியாசமே இல்லை. அதே ஆய்வில் பெரிய மருத்துவமனைகள் கண்டுபிடித்த குறைகளில் பாதியைக்கூடச் சிறிய இடங்கள் கண்டுபிடிக்கவில்லை. கருவியின் விலையைவிடக் கருவியைப் பிடிக்கும் கை முக்கியம் என்று கொள்ளலாம். காங்கோ, கென்யா, ஜாம்பியா, பாகிஸ்தான், குவாத்தமாலா கிராமங்களில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. சிக்கல் உள்ளதாகத் தெரிந்த தாய்மாரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியும், ஸ்கேன் மரணங்களைக் குறைக்கவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் கிடைக்கும் கவனிப்பு சரியாக அமையாதவரை ஸ்கேன் படமாகவே நின்றுவிடுகிறது. உறுதியாகக் கிடைக்கும் நன்மைகள் சரியான தேதி, இரட்டைக் கர்ப்பம் முன்பே தெரிவது, நாள் கடந்ததாகத் தவறாக எண்ணி வலி வரவழைப்பது குறைவது, பெருங்குறைகள் சில முன்பே தெரிவது. காது கேளாமை, ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைவு போன்றவை எந்த ஸ்கேனிலும் தெரியாது. எல்லாம் நார்மல் என்ற ரிப்போர்ட், பார்க்க முடிந்தவை நார்மல் என்பதையே சொல்கிறது.

ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் இந்தியாவில் குற்றம். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறையே மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. கேட்டு வற்புறுத்தும் உறவினரும் தப்ப முடியாது. ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் படிவம் எஃப் என்ற தாளில் கையெழுத்து வாங்குவது இதனால்தான். பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலத்தில், இந்தக் கெடுபிடியை அலைச்சல் என்று நினைப்பதற்கில்லை. மாமியார் வீட்டார் சாடையாகக் கேட்டாலும் ‘சட்டம் விடாது’ என்ற ஒரு வார்த்தையில் பேச்சை முடித்துவிடலாம்.

செலவுக்குப் பயந்து ஸ்கேனைத் தவிர்க்க வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி என்ற பதிவு எண்ணை வாங்கிக்கொண்டால், அரசு மருத்துவமனையில் எந்த நாளில் எடுப்பார்கள் என்று அவரே சொல்வார். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டுத் திட்டப்படி ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. முதல் ஸ்கேனுக்குச் சிறுநீரை அடக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பிந்தையவற்றுக்குத் தேவையில்லை, வயிற்றைக் காயப்போடவும் வேண்டாம். ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வைத்து, 12-ஆம் வாரத்து ரிப்போர்ட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வரும் பெண் பட்டுப்புடவையோடு அந்த ஃபைலையும் எடுத்து வந்தால்தான், புது ஊர் மருத்துவர் பிரசவத் தேதியை முதலிலிருந்து ஊகிக்காமல் இருப்பார்.

அன்புடன்,
பெரியம்மா